ஆடிப்பட்டத் தோட்டம்: பற்றும் வரவும்

"வெண்டைக்காய் மண்டி வைக்கக் காய்க்காகக் காரைக்குடி வரைக்கும் போக வேண்டாம்" என்று சொல்லித்தான், வீட்டுக்கு வந்து காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுக்கிற இரண்டு பையன்களுக்கு 8,500 ரூபாய் கொடுக்க எங்க வீட்டுக்காரரிடம் சம்மதம் வாங்கினேன். மண்டி என்றால் அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற எங்க பக்கத்துப் பதார்த்தம். சம்மதம் வாங்கியது ஆனி கடைசியில். இப்போது மார்கழி பிறந்துவிட்டது. தைப்பட்டத்துக்குத் தோட்டம் போட நினைக்கிற இரண்டு மூன்று பேர், "அந்தப் பையன்களைக் கூப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும்.

மதுரையில் ஒரு வங்கியில் 31 வருடம் கவுண்டரில் இருந்தவள் நான். எதையும் நோட்டுப் போட்டு எழுதாவிட்டால் தூக்கம் வராது. கீழே வருகிற எண்களெல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

சேவை என்னவென்றால், வீட்டுக்கு வந்து இடம் பார்த்து, திட்டம் போட்டு, பை, மண்கலவை, விதை எல்லாம் கொண்டுவந்து நட்டுக் கொடுத்துவிட்டு, அப்புறம் இரண்டு மாதத்தில் மூன்று தடவை வந்து பார்ப்பார்கள். இருவரும் இளைஞர்கள், ஒருவர் காரைக்குடிக்காரர், விவசாயப் படிப்பு படித்தவர். 25 வளர்ப்புப் பை, பின்கட்டுத் தோட்டத்தில் பத்தடிக்கு நாலடி மேட்டுப்பாத்தி ஒன்று, பச்சை நிழல்வலை, 12 வகை விதை, ஒரு பாட்டில் பஞ்சகவ்யம், ஒரு பாட்டில் வேப்பெண்ணெய். பாதிப் பணம் முன்னால், மீதி நட்டு முடித்த அன்றைக்கு. பெயர் கேட்காதீர்கள். ஊர் சின்னது, பையன்கள் நல்ல பையன்கள், குறையும் எழுதுகிற இடத்தில் பெயர் போட எனக்கு மனசில்லை.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்குப் பொதுவான வீடு. மற்ற ஆறு பங்குக்காரர்களும் சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வருவார்கள். வருடம் முழுக்க விளக்கேற்றுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பின்கட்டில் பாத்தி போடுவதற்கே ஆறு பேருக்கும் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. கோலாலம்பூர்ச் சித்தப்பா மட்டும், "கிணற்றுப் பக்கம் தோண்டாதே" என்றார். மற்றவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

முதல் நாள் வந்ததும் விவசாயம் படித்த அந்தத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஆச்சி, மாடியைப் பார்த்துரலாமா?" எனக்குச் சிரிப்பு வந்தது. இது கான்கிரீட் தளம் இல்லை. நூறு வருடத்துக்கு முந்திய பர்மாத் தேக்கு உத்திரம், அதன்மேல் கட்டை, அதன்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. ஐப்பசி மழைக்கு எந்த மூலையில் ஒழுகும் என்று எங்களுக்கே வருடா வருடம் புதிதாகத்தான் தெரியும். ஓர் அடிக்கு ஓர் அடிப் பையில் மண்கலவை நிரப்பி, தண்ணீரும் ஊற்றினால் இருபது கிலோவுக்குக் குறையாது. 25 பை என்றால் அரை டன். மாடியில் ஒன்றும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

உடனே அவருக்கு வளவு கண்ணில் பட்டது. நாலு பக்கமும் தூண், நடுவில் திறந்த முற்றம். "இங்க வச்சா ரொம்ப அழகா இருக்கும் ஆச்சி" என்று ஒன்பது பையை முற்றத்தைச் சுற்றி அடுக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஆனால் வளவு வெயிலுக்குக் கட்டியது இல்லை. நிழலுக்கும் காற்றுக்கும் மழைத் தண்ணீர் பிடிக்கவும் கட்டியது. சுற்றி இறங்குகிற ஓட்டுக் கூரையும் தூணும் போக, காலை பத்தரைக்கு உள்ளே வருகிற வெயில் இரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். நான் சாக்பீஸ் வைத்து மணிக்கொரு கோடு போட்டுப் பார்த்தேன். அதிகபட்சம் மூன்றரை மணி நேரம். கத்தரிக்கும் வெண்டைக்கும் தக்காளிக்கும் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். மூன்று வாரத்தில் அந்த ஒன்பது பையிலும் செடி வெயிலைத் தேடி நூலாக நீண்டு, வெளுத்துப் போய் நின்றது. நானும் வேலைக்கு வரும் அக்காவும் ஒரு சாக்கை விரித்து, பையை அதன்மேல் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்கு இழுத்தோம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இன்னும் அந்தக் கறை போகவில்லை.

இந்தச் சேவையைப் பற்றி எனக்குள்ள பெரிய குறை இதுதான். அவர்கள் கையில் இருக்கிற திட்டம் சென்னை அபார்ட்மென்ட்டுக்குப் போட்டது. அதைப் பள்ளத்தூருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். விதையிலும் அதே கதை. 12 பொட்டலத்தில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் மூன்றும் இருந்தன. ஆடி மாதம், இந்தச் சரளைச் செம்மண் சூட்டில், முட்டைக்கோஸ்! கேட்டதற்கு, "இது ஸ்டாண்டர்ட் கிட் ஆச்சி" என்றார். பீன்ஸ் முளைத்து, நாலு இலை விட்டு, கருகியது. கேரட் முளைக்கவே இல்லை. முட்டைக்கோஸ் இலை விட்டதோடு சரி, கடைசி வரை உருண்டை கட்டவில்லை. அந்த இலையைப் பொரியல் வைத்தோம், மோசமில்லை.

சரி, நல்லதைச் சொல்கிறேன். மண்கலவைக்கு நான் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போடுவேன்.

கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) கட்டியைக் கொண்டுவந்த அன்றே பையில் போடவில்லை. எங்கள் பழைய சிமெண்டுத் தொட்டியில் ஊறவைத்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்தார்கள். அதில் உப்பு இருக்கும், அதைக் கழுவாமல் போட்டால் நாற்று நுனி கருகும் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். முந்திய வருடம் நானே வாங்கிப் போட்டு ஏன் கெட்டது என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் அறுபது, எழுபது லிட்டர் வரைக்கும் உப்பிக்கொண்டு வருகிறது. அதில் ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கு, வேரழுகலைத் தடுக்கிற டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கொஞ்சம். கலந்து, ஈரம் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, பத்து நாள் விட்டுவிட்டுத்தான் பையில் நிரப்பினார்கள். "இன்னிக்கே நட்டுருங்களேன்" என்று நான் அவசரப்பட்டேன். "பிண்ணாக்கு சூடு அடங்கணும் ஆச்சி" என்று மறுத்துவிட்டார். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது ஒரு பையிலும் தண்ணீர் தேங்கவில்லை. அடியில் துளை போட்டு, கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்ததும் காரணம்.

பையில் காட்டிய அக்கறையைப் பாத்தியில் காட்டியிருந்தால் இந்த விமர்சனமே வேறு மாதிரி இருந்திருக்கும். பாத்திக்கு வெளியிலிருந்து மண் கொண்டுவரவில்லை, அங்கேயே கொத்தி, உரத்தைக் கலந்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் முப்பது வருடத்துக்கு முன்னால் பழைய மாட்டுக்கொட்டகைச் சுவர் இடிந்து விழுந்தது. கொத்தக் கொத்தக் காரைக்கட்டி வந்தது. அவர்களும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், யாருக்கும் உறைக்கவில்லை. செடி ஒரு சாண் வந்ததும் இளந்தளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தம்பி இரண்டாவது தடவை வந்தபோது, "தழைச்சத்து பத்தல" என்று பஞ்சகவ்யம் தெளிக்கச் சொன்னார். தெளித்தேன், மாறவில்லை. கடைசியில் எங்க வீட்டுக்காரர் ஒரு கிலோ மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனார். கார அமில நிலை 8.4 என்று வந்தது. சுண்ணாம்பு மண். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாதாம். தழைச்சத்துக் குறைந்தால் அடியிலை முதலில் மஞ்சளாகும், இரும்புச்சத்துக் குறைந்தால் தளிர் முதலில் மஞ்சளாகும். இவ்வளவுதான் வித்தியாசம். படித்த பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பு லிட்டருக்கு ஐந்து கிராம், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலம் இலையில் தெளித்தோம். பத்து நாளுக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை. பச்சை திரும்பியது.

செட்டிநாட்டுப் பழைய வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சுவரோரமாகப் பாத்தி போடாதீர்கள். காரை உதிர்ந்து உதிர்ந்து அந்த மண் எந்தக் காலத்திலோ சுண்ணாம்பாகியிருக்கும். வேறு இடமே இல்லையென்றால் இரண்டடி தள்ளி, வெளிமண் கொட்டி, மேடாகப் போடுங்கள்.

தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், துணிக்குச் சோப்பு நுரைக்காது. ஒரு மாதத்தில் பையின் விளிம்பில் வெள்ளை பூத்துவிட்டது. கிணறு ஆடியில் தரை தட்டிக் கிடந்தது. ஊருணித் தண்ணீரைச் செடிக்கு எடுத்தால் ஊரே சண்டைக்கு வரும், அது நியாயமும்கூட. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னார் தம்பி. அது எங்கள் வீட்டில் மண்டிக்குப் போகிறதே தம்பி என்றேன். அவருக்கும் சிரிப்பு. ஆவணியில் பெய்த இரண்டு மழைக்கு வளவில் தூம்புக்குக் கீழே இரண்டு அண்டாவையும் வைத்துப் பிடித்தோம். வாரத்துக்கு ஒரு நாள் அந்தத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடித்துளை வழியாக வழிய விட்டேன். உப்பு கழுவிப் போகட்டும் என்று நானாகச் செய்தது. கத்தரி அதற்கப்புறம்தான் பூத்தது.

விதைக்கு வருகிறேன். பொட்டலங்கள் வெறும் பிளாஸ்டிக் உறை, மேலே காயின் பெயர் எழுதிய ஸ்டிக்கர், அவ்வளவுதான். முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சோதித்தது, எதுவரை செல்லும் என்று ஒன்றும் இல்லை. விதைக்கடையில் வாங்குகிற பொட்டலத்தில் இதெல்லாம் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். என் நோட்டுப்படி: வெண்டை 20 போட்டு 15 முளைத்தது. கொத்தவரை 20-க்கு 17. கத்தரி 20-க்கு 6. மிளகாய் 20-க்கு 4. சான்று பெற்ற கத்தரி விதை குறைந்தது 70 சதவீதம் முளைக்க வேண்டும், மிளகாய் 60. நோட்டைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாளே காரைக்குடிக் கடை ஒன்றில் லேபிள் போட்ட கத்தரியும் மிளகாயும் தானே வாங்கி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். காசு கேட்கவில்லை. கத்தரியில் 20-க்கு 16 வந்தது. தப்பை ஒத்துக்கொண்டு சரிசெய்கிற ஆள் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஆச்சி அவர்கள் வீட்டு விதை இரண்டு வகை கொடுத்தார்கள். சாணிச் சாம்பலில் புரட்டி, அடுப்படிப் பரணில் வைத்திருந்தது. சுரை போட்ட மூன்றும் முளைத்து, கிணற்றடி வேம்பில் ஏறி, ஒன்பது காய். மிளகாய் ஒன்றுகூட முளைக்கவில்லை. "அது எங்க மாமியார் காலத்து வெதை" என்றார்கள். மாமியார் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

நாற்றுவிடும் நாள் கணக்கை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது உபயோகமான அட்டை. தக்காளி 25 நாளில் பிடுங்கி நடலாம், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 40 வரை. வெண்டை, கொத்தவரை, கீரை, கொடிக்காய் எல்லாம் நேரடியாக ஊன்ற வேண்டியவை. பாகல் விதைத் தோல் தடிப்பு, ராத்திரி ஊறவைத்து ஊன்ற வேண்டும். அட்டையை அடுப்படிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆடிக்காற்றை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நிழல்வலை கட்டிய சவுக்குக் கம்பு இரண்டாம் வாரமே சாய்ந்து, நாலு தக்காளி நாற்றை நசுக்கியது. அது போகட்டும், மயில் கதைக்கு வாருங்கள். எங்கள் பக்கத்தில் தோட்டம் போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலை ஐந்தரைக்குப் பின்சுவரில் வந்து நிற்கும், மூன்று. முதலில் கீரை நாற்று, அப்புறம் பழுக்கப் போகிற தக்காளி. தேசியப் பறவை, கல்லெடுக்கக் கூடாது, எடுக்கவும் மனசு வராது. தம்பியைக் கேட்டால், "சென்னைல குரங்கு, புறாதான் ஆச்சி வரும், மயில் எங்களுக்குப் புதுசு" என்கிறார். காரைக்குடிக்காரர் சொல்கிற பதிலா இது! மீன்வலை 640 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். பத்தாத இடத்துக்கு என் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்துச் சுற்றிலும் கட்டினேன். அரக்கும் மஞ்சளும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் பயப்படுகிறது. அப்புறம் அதற்கும் பழகிவிட்டது. வலைதான் நின்றது.

மூன்று தடவை வருவதாகச் சொன்னதில் மூன்று தடவையும் வந்தார்கள். ஒரு தடவை நாலு நாள் தாமதம், அவ்வளவுதான். மூன்றாவது தடவை வந்ததுதான் முழுக்காசுக்கும் பெறும். கத்தரியில் நுனி வாடித் தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஒன்றை நறுக்கிப் பிளந்து உள்ளே இருந்த புழுவை எனக்குக் காட்டினார். தண்டுத் துளைப்பான். வாடிய நுனியைக் கண்ட அன்றே ஒரு விரல்கடை கீழே வெட்டி எரித்துவிடுங்கள், மருந்தே வேண்டாம் என்றார். வெண்டையில் இரண்டு செடி இலை மஞ்சள் வலைப்பின்னலாக இருந்தது. அதைத் தயங்காமல் வேரோடு பிடுங்கினார். வெள்ளை ஈ பரப்புகிற நோயாம், வைத்தியம் கிடையாதாம். எனக்கு வயிறெரிந்தது. மீதி பத்துச் செடி பிழைத்தது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் தண்ணீரில் கலக்கும் என்பதும் அன்றைக்குக் கற்றுக்கொண்டதுதான்.

இனி கணக்கு. பற்று: சேவைக்கு 8,500, வலையும் அன்னபேதியும் சேர்த்து 700, ஆக 9,200. வரவு, மார்கழி முதல் தேதி வரை: வெண்டை 7 கிலோ, கத்தரி 6, கொத்தவரை 4, தக்காளி 2, பச்சைமிளகாய் ஒரு கிலோ, கீரை 30 கட்டு, சுரை 9. அந்தந்த நாள் விலையைப் போட்டுப் பார்த்தால் 1,675 ரூபாய். எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடினார். ஆனால் கொத்தவரையில் ஒன்றரை கிலோவை மோரில் போட்டு வத்தலாக்கி வைத்திருக்கிறேன், கத்தரிக்காய் கோசுமல்லி நாலு தடவை வைத்தாயிற்று. வெண்டை மண்டிக்குப் புரட்டாசி முழுக்க ஒரு காய்கூட வெளியே வாங்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றியாயிற்று.

சாமான்களை மட்டும் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று காரைக்குடியில் விசாரித்தேன். பை, கோகோபீட், மண்புழு உரம், பிண்ணாக்கு, மண், வலை, விதை எல்லாம் சேர்த்து 5,400-க்குள் முடிந்துவிடும். மீதி 3,100 அவர்கள் உழைப்புக்கும் மூன்று தடவை வந்துபோவதற்கும். அது அதிகமில்லை. அதிகம் என்று நான் நினைப்பது விதையும் பையும். கீழே தோட்டத்து நிலம் சும்மா கிடக்கிற வீட்டுக்கு 25 பை எதற்கு? மண் சரியாக இருந்தால் பாத்தியே போதும். விதைக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. தோட்டக்கலைத் துறை விதைத் தொகுப்பு கொடுக்கிறது, அரசாங்கத்தின் உழவன் செயலியில் பதிந்துகொள்ளலாம். எதிர்வீட்டு ஆச்சிக்கு அதில் வந்தது தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை. நம்ம ஊருக்கு இந்த ஆறும் போதும்.

ஆகவே கூப்பிடலாமா என்றால், அபார்ட்மென்ட்டிலோ புதுவீட்டு மொட்டை மாடியிலோ இருக்கிறவர்கள் அப்படியே கூப்பிடுங்கள், யோசிக்க வேண்டாம். பழைய வீட்டுக்காரர்கள், அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் எந்த இடத்தில் எத்தனை மணி வெயில் என்று குறித்து வையுங்கள். தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். மண்ணைக் கொத்திக் காரைக்கட்டி வருகிறதா என்று பாருங்கள். தைப்பட்டத்துக்கு இப்போதே கத்தரி, மிளகாய் நாற்று விட்டாக வேண்டும். மயிலுக்கு வலையை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

போன வாரம் தம்பிக்குப் போன் செய்தேன். பை வேண்டாம், விதை வேண்டாம், பாத்திக்கு வெளிமண் கொண்டுவந்து கலவை போட்டு, இரண்டு தடவை வந்து பார்த்தால் போதும் என்றேன். மூவாயிரம் கேட்டார், ஒத்துக்கொண்டேன். கடைசியில் கொஞ்சம் இழுத்து, "வளவுல பை வச்சு இன்னொரு போட்டோ எடுத்துக்கலாமா ஆச்சி, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நிறையப் பேர் கேக்குறாங்க" என்றார். இரண்டு பையைக் கொண்டுபோய் வைத்து எடுத்துக்கொள், எடுத்த கையோடு பின்கட்டில் திரும்ப வைத்துவிட்டுப் போ, தூக்கிக்கொண்டு போகணும், இழுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.